களவெட்டி மேட்டில் ஒரு கூரை

ஜூன் 6, வியாழன்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட மேசையெல்லாம் மணல். பின்னேரம் நாவற்குடாவில் வீட்டுப் படம் கீறுபவரிடம் போனேன். ஒரே நீளக் கூரை, தகரம். ஒரு பாதியில் நெல் மூட்டைகளும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும். மறு பாதியில் இரண்டு அறை, குசினி, நான்.

"டீச்சர், இது வீடா ஸ்டோரா?"

"இரண்டும்."

"அப்ப பெரிய வாசல் ஆருக்கு?"

நெல்லுக்கு என்றேன். சிரிக்கவில்லை. கீறினார்.

ஆவணியில் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். அம்மாவின் வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போனது, இனி அவள் மகளுக்கு. எங்கள் வழக்கம். கலியாணம் செய்யாத எனக்கு வந்தது வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஆறு ஏக்கர் மானாவாரி வயல். குறை சொல்லவில்லை. தங்கச்சி இன்றும், "அக்கா, பின் அறையில இருங்கவன், ஆர் போகச் சொன்ன?" என்றாள். சொல்லிக்கொண்டே அந்த அறை ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை அளந்தாள்.

ஜூன் 8, சனி

மண்முனைத் துறையில் ஒன்றரை மணி நேரம். ஆள் ஏற்றும் மிதவையான பாதை அக்கரையில் நின்றது, வாவியில் காற்று. ஆமி சென்றியில் படச் சுருளை விரித்துப் பார்த்தார்கள். "வீடு நீளம் கூட," என்றான் ஒரு சிப்பாய். அக்கரையில் துவக்கோடு நின்ற வேறு ஆட்களும் விரித்துப் பார்த்து அதையே சொன்னார்கள். நீளமான கூரை எல்லாருக்கும் பிடிக்கும். அதுதான் பயம்.

சீமெந்து: ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம் இல்லாமல் துறை தாண்டாது. தந்தாலும் பத்துப் பை. ஆகவே அத்திவாரத்துக்கு மட்டும்.
சுவர்: களிமண் கல்.
தகரம்: தனி அனுமதி.
கக்கூஸ்: படத்தில் மறந்தே போனோம்.

வயலில் நல்லதம்பி அண்ணன். பதினெட்டு வருடமாக என் முல்லைக்காரர். விதைப்பிலிருந்து அறுப்பு வரை அவர் பொறுப்பு. படத்தை வரம்பில் விரித்து நாலு மூலைக்கும் மண்கட்டி வைத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"இந்த மேடு களவெட்டிதானே டீச்சர்."

அறுத்த கதிரைக் குவித்துச் சூடு அடிக்கிற களம். பெண் கால் வைக்கக் கூடாத இடம். மாரி வெள்ளம் ஏறாத ஒரே மேடு என்று படத்தில் வீட்டை அங்கே வைத்தோம். சூடு மிதிக்க மாட்டுக்குப் பதில் ரக்டர் வந்தபின் களவெட்டி வழக்கமெல்லாம் போயிருக்கும் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். கேட்கவில்லை. படித்தவள் விடுகிற பிழை. என் காணி, ஒருநாளும் அதில் ஏறியதில்லை.

"பொம்புள கால் வைக்கிறல்ல. குடியிருந்தா பொலி போயிரும். கட்டுறண்டா கட்டுங்க, உங்கட காணி. மறுகா வேற முல்லைக்காரனைப் பாருங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 9, ஞாயிறு

தலையிடி. பள்ளத்தில் தூண் மேல் கட்டலாமா? பத்துப் பையில் தூண் நிற்காது. அண்ணன் விட்டுப் போனால் இந்தக் காலத்தில் அந்தப் பக்கம் வர வேறு யார்? விதைப்பு இல்லை, நெல் இல்லை. பிறகு எதற்கு அந்தக் கூரை.

களத்து நெல்லைப் பெருக்குகிற பொலியிலும் அதைத் தின்ன வரும் பேயிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பதினெட்டு வருடமாகச் சாப்பிடுவது அதை நம்புகிறவர் விளைவித்த சோறு.

கலியாணப் பெண்ணான பெறாமகளின் கூறைச் சேலை நிறம் பற்றி வீட்டில் ஒரு மணி நேரம். என்னையும் கேட்டார்கள். அரக்கு என்றேன்.

ஜூன் 15, சனி

மறுபடி போனேன். அண்ணன் தோணியில் போயிருந்தார். மனைவி பூமணி மட்டும். வெறுந்தேத்தண்ணி. வேலிப் பக்கம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்து இருந்தாள்.

"டீச்சர், ஆருக்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த ஆமிச் சுற்றிவளைப்பு வருசம் ஆம்புளையள் எல்லாம் காட்டுப் பக்கம் ஓடிட்டாங்க. சூடு அப்பிடியே கிடக்கு, மழை இருட்டிக்கொண்டு வருது. நாங்க ஏழு பொம்புளையள், ரெண்டு நாள், காலால துவைச்சு எடுத்திட்டம்."

"களவெட்டியிலா?"

"மறுகா கோயிலுக்குள்ளயா அடிக்கிற?"

"அவருக்குத் தெரியாதா?"

"ரக்டர் வந்து அடிச்சிட்டுப் போச்செண்டு சொன்னம். வருசா வருசம் அந்த மனிசன் அவ்வளவு பக்தியாப் பூசை வைக்குது. கேட்டாத் தாங்காது."

இதை ஒருமுறை சொன்னால் போதும், வாதம் முடிந்தது. பாதை வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். பள்ளத்திலேயே, நெல் அறை இல்லாமல், சின்னதாக ஒன்று.

பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தவில்லை. இரண்டு கட்டு பாக்கி.

ஜூன் 22, சனி

காற்று சற்றுக் குறைவு. பள்ளத்தில் கட்டப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"மாரியில கட்டில்ல இருந்தே மீன் பிடிக்கலாம்," என்றார். பிறகு வெற்றிலை. பூமணி கிணற்றடியில்.

"பூமணிக்குச் சொல்லிராதீங்க டீச்சர். சுற்றிவளைப்பு வருசம் பத்து நாளால திரும்பி வந்தன். ரக்டர் அடிச்சதெண்டாள். வைக்கலைப் பாத்தன். டயர் ஏறினா வைக்கல் தட்டையாக் கிடக்கும். அது கால் மிதிச்ச வைக்கல். முல்லைக்காரனுக்குத் தெரியாதா?"

"ஏன் கேட்கவில்லை?"

"என்னத்தக் கேக்கிற? அந்த நெல்லைத்தானே நானும் திண்ட." துப்பிவிட்டு வந்தார். "மறுகா வந்த போகமும் குறையல்ல. அதையும் பாத்தன்."

மேட்டில் மேற்குப் பக்கம் களவெட்டி, கிழக்குப் பக்கம் நான், நடுவில் வேலி. இது அவர் சொன்னது. முதலில் ஒரு பூசை வைக்க வேண்டும். வைப்போம் என்றேன். மனமாரத்தான் சொன்னேன்.

உடனே கயிறு, முளை. மேட்டில் ஏறினேன். மண் மற்ற இடத்து மண் போலத்தான், கொஞ்சம் இறுக்கம். அங்கிருந்து வாவி தெரிகிறது. தெரியும் என்று நினைத்திருக்கவில்லை. கயிற்றின் ஒரு நுனி அண்ணன் கையில், மறு நுனி பூமணி கையில். அவள் பக்கத்தில் நான் முளை அடித்தேன்.

"சொல்லிட்டீங்களா டீச்சர்?" வாய்க்குள் கேட்டாள்.

"இல்லை."

"மறுகா எப்பிடி ஒத்துக்கொண்டாரு?"

வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன், கேட்டுக்கொண்டார் என்றேன்.

"அந்த மனிசன் சொல்லுக் கேக்கிற ஆளில்லையே."

அங்காலிருந்து அண்ணன், "என்னகா கதை? கயித்த இறுக்கிப் புடி."