கூட வந்தவருக்கு

இன்று காலை மெக்கானிக் வந்து, ரீவைண்டிங் செய்த போர்வெல் மோட்டாரை வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். வார்னிஷ் இன்னும் சரியாகக் காயவில்லை போலிருக்கிறது. அந்த வாசனை வீட்டுக்குள் வந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பீளமேட்டுப் பட்டறையில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிய ஏழு வருஷமும் இந்த வாசனைதான். சேலையில், தலைமுடியில், மதியச் சோற்றில்கூட. நீங்கள் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. எழுத வேண்டியதை இனியும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றிவிட்டது.

அப்போது உங்களை நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர் நீங்கள். ஆனாலும் நான் வெள்ளகோவில் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்தவர்கள் வீட்டுப் பெண். நீங்கள் அப்படிப்பட்ட தோட்டங்களில் கூலிக்குப் போனவர்களின் மகள். அதனால் நீங்கள் எனக்கு ‘வாங்க, போங்க’, நான் உங்களுக்கு ‘வா, போ’. பட்டறையில் இருவருக்கும் ஒரே வேலை, ஒரே கூலி. பேச்சில் மட்டும் ஊர் நம்மோடு பஸ் ஏறி வந்திருந்தது. இந்த மடலில் ‘நீங்கள்’ என்று எழுதுகிறேன். இருந்தபோது கொடுக்காத மரியாதையை இப்போது கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். நானே கேட்டுக்கொள்கிறேன்.

உங்களை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. எங்கள் வீடுகளில் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டோம். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கணவர் பேர் என்ன என்று கேட்டபோது, நான் வழக்கம்போல, “சென்னிமலைச் சாமி பேருங்க” என்றேன். அவர் யோசிக்கவே இல்லை, ‘முருகேசன்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் பேர் சென்னியப்பன், அதுவும் அந்த மலைச் சாமி பேர்தான். அந்தத் தப்பைத் திருத்த நாலு வருஷம் ஆனது. நீங்கள் பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள்: “எங்க அம்மணிக்கு ரெண்டு ஊட்டுக்காரருங்கோ. ஒருத்தர் ஊட்டுல, இன்னொருத்தர் ரேசன் கடையில!”

தொண்ணூறுகளின் நடுவில் அது. பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டு. மூன்றாவதாக நாள் தள்ளிப்போனது. எனக்கு வேண்டாம் என்பது, தெரிந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் சோற்றைக் கிண்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து நீங்கள்தான் கேட்டீர்கள். நான் காரணங்களை அடுக்கினேன். சின்னவள் பிறந்தபோது ரத்தம் நிற்கவில்லை, இன்னும் இடுப்பு வலிக்கிறது, வேலையை விட வேண்டியிருக்கும், இரண்டு பேரையும் படிக்கவைக்க வேண்டும். நீங்கள் டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

“வேண்டாம்னா வேண்டாமுங்க அம்மணி. அதுக்கு எதுக்கு இத்தனை காரணம்? நானென்ன போலீசுங்களா?”

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டில் சொன்னேன். அவர் கை ஓங்குகிற ஆள் அல்ல, குரலைக்கூட உயர்த்தமாட்டார். “பாத்துக்கலாம் உடு” என்றார். அடுத்த வாரம் கேட்டேன். “அம்மாவக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்” என்றார். அதற்கடுத்த வாரம், “சோசியர் இந்தவாட்டி பையன்னு சொல்லிப்போட்டாரு, இரு பாக்கலாம்” என்றார். எங்கள் பக்கம் முடியாது என்பதையும் இப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், என் வயிற்றில் வாரம் ஏறிக்கொண்டே இருந்தது. பத்தாவது வாரம் முடியப்போனது. அழுகையை விடக் கோபம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. என் உடம்புக்குள் நடப்பதை மூன்று பேர் கூடிப் பேசுகிறார்கள், அந்த மூன்று பேரில் நான் இல்லை.

அப்போதுதான் உங்கள் தங்கையைப் பற்றிச் சொன்னீர்கள். அவளும் இப்படித்தான் வேண்டாம் என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். புருஷன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் வரவில்லை. அவள் ஒளித்துச் செய்கிற யாரோ ஒருத்தியிடம் போனாள். காய்ச்சலோடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. அங்கே இருந்த டாக்டரம்மா உங்களைத் திட்டினாராம்: ஏன் முன்னாலேயே வரவில்லை, இதற்குச் சட்டத்தில் பொம்பளை கையெழுத்து ஒன்று போதுமே, புருஷன் கையெழுத்து என்று எவன் சொன்னான்? “செத்ததுக்கப்புறம் எனக்குச் சட்டம் சொன்னாங்க அம்மணி” என்றீர்கள். அழவில்லை. சுற்றி முடித்த கம்பிச் சுருளை நூலால் கட்டிவைத்துவிட்டு அடுத்ததை எடுத்தீர்கள்.

ஒரு புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு இருவரும் போனோம். பேர் எதற்கு, ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். கீழே இரண்டு கோடு. ஒன்றில் என் கையெழுத்து, இன்னொன்றில் கணவர் கையெழுத்து. “அவரக் கூட்டிட்டு வாங்க” என்றாள். நீங்கள் அது தேவையில்லை என்றீர்கள். “இங்க அப்படித்தாங்க வழக்கம்” என்றாள். அவள் குரலிலும் மரியாதைக்குக் குறைவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். வார்டு ஆயா ஒருவர் பின்னாலேயே வந்து தணிந்த குரலில் வழி சொன்னார். ஸ்டாண்டில் இருக்கிற ஆட்டோக்காரர் ஒருவர் இந்தமாதிரி கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாராம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். அந்த மனுஷர் அதற்குள் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வந்தே விட்டார். “பேரு மட்டும் சொல்லுங்கக்கா, போட்டுத் தர்றேன்” என்றார். நல்ல மனுஷர்தான், பாவம். நான் சரி என்று தலையை ஆட்டப்போனேன். என் கை உங்கள் பிடியில் இருந்தது; நீங்கள் அதை இறுக்கினீர்கள்.

“கொஞ்சம் நில்லுங்க அம்மணி. உங்க ஒடம்புக்கு ரோட்டுல போறவரு கையெழுத்து செல்லுமாம், உங்க கையெழுத்து செல்லாதாமா?”

ஆட்டோக்காரர் உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அதும் நாயந்தானுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

நீங்களே உள்ளே போய்ப் பேசுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நகரவில்லை. “நான் பேசுனா என் பேச்சுங்க. நீங்க போய்ப் பேசோணும். நான் பின்னாலயே வாரேன்” என்றீர்கள்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா, தன் அறைக்கு வெளியே கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். களைத்த முகம். என் வாயிலிருந்து வந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. “எங்க ஊட்டுக்காரரு பேரு சென்னியப்பனுங்க. அவரு வர்ல. வரவும் மாட்டாரு. இது எனக்கு வேண்டாமுங்க. என் கையெழுத்த நான் போடறேன்.” ஏழு வருஷக் கல்யாணத்தில் அவர் பேரை முதல்தடவையாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் நீங்கள் மூச்சை இழுத்தது கேட்டது.

டாக்டரம்மா கையைத் துடைத்த துணியை மடித்துக்கொண்டே, “சட்டப்படி உன் கையெழுத்து போதும்மா. நாளைக்கு அவரு வந்து சத்தம் போட்டா நாங்கதானே கேக்கணும், அதுக்குத்தான்” என்றார்.

“சத்தம் போட்டா எங்கிட்டத்தானுங்க போடுவாரு. நான் கேட்டுக்கறேன்.”

அவர் அந்தத் தாளை வாங்கி, இரண்டாவது கோட்டின் மேல் பேனாவால் ஒரு இழுப்பு இழுத்து அடித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் என் பேரை முழுசாக, இனிஷியலோடு எழுதினேன். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் பன்னைப் பாலில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், பசித்திருக்கிறது உங்களுக்கு. எனக்கு வருத்தமாக இருக்கிறதா என்று உள்ளே தேடிப்பார்த்தேன். இல்லை. நிம்மதிதான் இருந்தது. அதை அப்படியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிம்மதி என்று சொல்லும் பெண்ணை யாரும் நம்புவதில்லை.

இதுவரை எழுதுவது எனக்குச் சுலபம். இதற்குமேல்தான் கை வரமாட்டேன் என்கிறது.

அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டேன். அவர் மறுநாளே தன் அம்மாவுக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை மாமியார் சென்னிமலையிலிருந்து என் வீட்டுக்காரரின் தாய்மாமனோடு வந்தார், நேரே பட்டறைக்கு. முதலாளி நாற்காலி போட்டு உட்காரவைத்தார். “எங்க மருமவளுக்கு இந்தப் புத்தி ஏதுங்க? இங்க கண்டவங்க பேச்சக் கேட்டுத்தானுங்க” என்றார் மாமியார். ‘கண்டவங்க’ என்றபோது அவர் யாரைப் பார்த்தார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். முதலாளி, “யாரும்மா கூட்டிட்டுப் போனது?” என்று பொதுவாகக் கேட்டார்.

நீங்கள் எழுந்தீர்கள். “நாந்தானுங்க.”

“திங்கக்கெழமையிலிருந்து நீ வர வேண்டாம்மா.”

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு டிபன் டப்பாவை எடுத்தீர்கள். நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டிப்போனது இவள் இல்லை, போனது நான் என்ற ஒரு வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. டாக்டரிடம் திறந்த வாய் முதலாளியிடம் திறக்கவில்லை. பயம் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். வேலையும் போய்விடும், வெள்ளகோவிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்ததும் உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. பழி உங்கள்மேல் விழுவது அங்கே எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. எனக்கும்தான். கூலிக்காரர் வீட்டுப் பெண் கெடுத்துவிட்டாள் என்றால் நான் கெட்டவள் இல்லை அல்லவா? அந்த அற்பத்தனம் என்னுடையது. வேறு யாருடையதும் அல்ல.

நீங்கள் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தீர்கள். இரண்டு வருஷம் கழித்து அவிநாசி பஸ் நிலையத்தில் பார்த்துக்கொண்டோம். “ஒடம்பு தேறிருச்சுங்களா அம்மணி?” என்றுதான் முதலில் கேட்டீர்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் இருந்தது. உங்கள் பஸ் வந்துவிட்டது, நான் கையாட்டினேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை என்பதை மட்டும் உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன். பட்டறையிலும் எங்கள் லைன் வீட்டிலும் எத்தனையோ பெண்களோடு ஆஸ்பத்திரி வரை போயிருக்கிறேன். ஒருத்திக்கு ஸ்கேனில் பெண் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, கலைத்துவிடு என்று வீட்டில் நெருக்கினார்கள். அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும். அவளோடும் போய் நின்றேன். வேண்டாம்னா வேண்டாம், வேணும்னா வேணும். உங்கள் பேச்சு இரண்டு பக்கமும் சரியாகத்தான் வந்தது. எங்கும் யாருக்காகவும் நான் பேசவில்லை. பின்னால் நின்றேன், அவ்வளவுதான்.

உங்கள் மகள் போன் செய்து செய்தி சொன்னபோது, அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் உங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். நானும் வருகிறேன் என்று என் வீட்டுக்காரரும் கூட வந்தார். அம்மாவைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார் பாஸ்டர். பனியன் கம்பெனிப் பெண்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நான் எழுந்தேன். இவர் என் முந்தானையை லேசாகப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

“நான் இவங்ககூடப் பீளமேட்டுல வேலை செஞ்சவளுங்க. ஒரு கொழந்த எனக்கு வேண்டாம்னு நாந்தான் முடிவு பண்ணுனேன், நாந்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், நாந்தான் கையெழுத்துப் போட்டேன். இவங்க கூட வந்தாங்க. அதுக்கு இவங்க வேலைய எடுத்துப்போட்டாங்க. நான் வாயத் தொறக்காம நின்னுபோட்டேன். இன்னைக்குத் தொறக்கறேனுங்க. அது என் முடிவு. இன்னொருக்கா வந்தாலும் அதையேதான் முடிவு பண்ணுவேன்.”

பாஸ்டர் பைபிளைப் புரட்டினார். பெண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பாட்டி மட்டும் என்னையே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்தபோது இவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

புறப்படும்போது உங்கள் மகள் வாசல் வரை வந்தாள். அழுதிருந்தாள். “அந்த வேலை எதுக்குப் போச்சுன்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கறனுங்க ஆன்ட்டி. அம்மா சாகற வரைக்கும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. எதுக்குங்க மறைச்சாங்க?”

“மறைக்கல கண்ணு” என்றேன். “அது என் விசயம். நான் வந்து சொல்லோணும்னு உட்டு வெச்சிருந்தாங்க.”