நடுவில் துளை இல்லாத ஜோடி

மார்ச் 4

அன்புள்ள பல்லெண்ணிக்கு,

பார்சல் வந்தது. தபால் தலை ஜோடியை நடுவில் வெட்டி, ஒரு தலையை மட்டும் எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

கடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்ன முதலாளி, யாராவது போயிட்டாங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என்ன செய்தாய் தெரியுமா? தாளில் துளை போட்ட இயந்திரம், அந்த இரண்டு தபால் தலைகளுக்கு நடுவே ஒரு வரிசையை விட்டுவிட்டது. சுற்றிலும் பல், நடுவில் வழுவழு. அந்தத் தப்புக்குத்தான் விலை. சேர்ந்திருந்தால்தான் தப்பு தெரியும். இப்போது என் கையில் இருப்பது ஒரு பக்கம் பல்லில்லாத ஒற்றைத் தலை. எவனோ கத்தரியால் நறுக்கியது என்பார்கள். நிஜமும் அதுதானே!

உன் பாதியைத் தூக்கிப் போட்டுவிடாதே. வாங்குகிற ஆள் ஒருவர் வெளியூரிலிருந்து வருகிறார்.

உன் அண்ணன் நம் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு மறுபடி வந்தார். போடவில்லை. போடுவதாகவும் இல்லை. கோபம் ஆறினால் நீ வந்துவிடுவாய். உன் நாற்காலியில் யாரும் உட்காராமல் இருக்கக் கேட்லாக்குகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

உன்,
கடைக்காரன்

மார்ச் 9

அன்புள்ள கடைக்காரருக்கு,

நலம். சர்க்கரை மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

கோபத்தில் வெட்டவில்லை. சரக்குப் பெட்டிகளை இங்கே அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்களுக்குப் பாதி எனக்குப் பாதி என்று நானும் அண்ணனும் பிரித்தோம். அந்த ஜோடியைப் பற்றி அண்ணன் உங்களிடம் கேட்டாராம். நீங்கள் சொன்னதை அப்படியே வந்து சொன்னார்: "சாதா சரக்கு மச்சான். ரெண்டு தலை. அவ அத வெச்சு என்ன பண்ணப் போறா? எங்கிட்டயே அனுப்பச் சொல்லுங்க." சாதாத் தலை இரண்டு என்றால் ஆளுக்கு ஒன்றுதானே?

மடித்துக் கிழிக்கப் பார்த்தேன். கிழியவில்லை. விளக்கடியில் பிடித்தால் நடுவில் துளையே இல்லை. எனக்கா தெரியாது? வாடகை வீட்டுச் சமையல் மேடையில் அளவு அட்டையை வைத்து உங்களுக்குத் தபால் தலைகளின் ஓரப் பல் எண்ணிக் கொடுத்தவள். இரண்டு சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டரைப் பல்லையும் பதிமூன்றையும் பிரித்துச் சொன்ன கண். கை அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம் நினைத்தேன்: விசேஷம் ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பாரே! கடைக்கு வருகிறவர்களிடம் என்ன அளந்தாலும், சரக்கின் தரத்தில் என்னிடம் பொய் சொன்னதில்லையே. அதை நம்பித்தான் கத்தரியை எடுத்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது கோபம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

என் பாதி பத்திரமாக இருக்கிறது. கையெழுத்தை அனுப்புங்கள், அதை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பல் எண்ணியவள்

மார்ச் 15

பல்லெண்ணிக்கு,

அந்த ஆள் வந்தார். லென்ஸில் பார்த்துவிட்டு, "இன்னொரு பாதி?" என்றார்.

"வீட்டுக்காரிகிட்ட."

"ஒட்டிடலாமே முதலாளி? பின்னாடி மெல்லிசா தாள் கொடுத்தா எவனுக்குத் தெரியப்போகுது?"

"என் வீட்டுக்காரிக்குத் தெரியும்" என்றேன். சிரித்தார். வெட்டின ஜோடிக்குச் சில்லறைதான் தருவாராம். தொழிலில் அவர் சொன்னது சரி.

ஒளிக்காமல் சொல்கிறேன். சாதா என்றால் பேசாமல் அனுப்பிவிடுவாய் என்றுதான் சொன்னேன். கொள்முதல் செய்யப் போனால் சரக்கை இப்படித் தாழ்த்திப் பேசித்தான் பழக்கம். உன்னிடமும் கொள்முதல் செய்யப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை வந்து போ. கடையில் பாதியை உன் பேருக்கு எழுதித் தருகிறேன். இனி தரம் குறிப்பது நீதான். பத்திரத்தை அப்புறம் பார்க்கலாம்.

உன்,
கடைக்காரன்

மார்ச் 22

கடைக்காரருக்கு,

கடையில் பாதி பெரிய விஷயம்தான். மனசார எழுதியிருப்பீர்கள் என்று நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த வரியை மூன்றாம் தரம் படிக்கும்போது, என்னை அறியாமல் விளக்கடிக்குக் கொண்டுபோனேன். இனி நீங்கள் "காபி நல்லா இருக்கு" என்றாலும் இப்படித்தான் பார்ப்பேன். அப்படி ஒரு வீட்டில் எப்படி இருப்பது?

சொன்னதில் மாற்றம் இல்லை.

பல் எண்ணியவள்

மார்ச் 29

உனக்கு,

பத்திரம் இந்த உறையிலேயே இருக்கிறது. உன் அண்ணன் பேனாவை நீட்டினார். என் பேனாவிலேயே போட்டேன். செல்லும் என்று வக்கீல் சொன்னார்.

இதில் எனக்கு லாபம் இல்லை என்று தெரிந்துதான் முடிக்கிறேன். உன் பாதி வந்ததும் இரண்டையும் ஒரே உறையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். ஒட்டமாட்டேன்.

மாத்திரை போட்டுக்கொண்டேன்.

கடைக்காரன்

பி.கு.: பேசி முடித்தபடி, உன் பாதி எனக்கு, என் கையெழுத்து உனக்கு. தபால் செலவு அவரவருடையது.