நைனாவின் இடது முழங்கால்

என் நைனாவுக்கு,

எங்கே இருந்தாலும் இப்போது உங்களுக்கு நாலு பக்கமும் நன்றாகக் கண் தெரியும் என்று நம்பிக்கொண்டு உங்கள் கௌரி எழுதுகிறேன்.

நீங்கள் போய் இருபது வருஷம் ஆகிறது. இத்தனை நாள் இல்லாத லெட்டர் இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். பயமாக இருக்கிறது நைனா, அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இது. மாதேஷ் சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்குகிறான். வெளியே புங்கமரத்தடியில் அவன் ஓட்டுகிற பஸ் நிற்கிறது. அதன் சாவி என் முந்தானையில் முடிந்திருக்கிறது. அவன் எழுந்து தேடுவதற்குள் நான் இதை எழுதி முடிக்க வேண்டும்.

மாதேஷை ஞாபகம் இருக்கிறதா? உங்கள் மடியில் உட்கார்ந்துகொண்டு உங்கள் இரண்டு காதையும் பிடித்து ஸ்டியரிங் திருப்புவானே, அதே பேரன்தான். சொன்னபடியே டிரைவர் ஆகிவிட்டான். நம் ஓசூரை நீங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது. நீங்கள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொண்ட குட்டைகூட இப்போது ஒரு கம்பெனியின் மதில் சுவருக்குள் போய்விட்டது. பாகலூர் பக்கத்து ஊர்களிலிருந்து பொம்பளைப் பிள்ளைகள் தினமும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற பஸ் இவனுடையது. நாற்பது பேர் ஏறுகிறார்கள். எல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள்.

உங்களை இன்றைக்கும் ஊரில் பெருமையாகத்தான் பேசுகிறார்கள். கார் முனியப்பன் என்றால் கிழவர்கள் எழுந்து உட்கார்கிறார்கள். உங்களைத் தூக்கிப்போன அன்று வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னது ஒரே பேச்சுதான்: "ஒரு கோழிக்குஞ்சு மேலகூட வண்டிய ஏத்தாத மனுசன்." நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை நின்றுபோனது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நம் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐம்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. நம் ஊரில் கார் என்றாலே புளி மண்டி முதலாளியின் கறுப்புக் கார்தான். முன்னால் கம்பியைச் செருகி நீங்கள் சுற்றுவீர்கள், அது இருமி இருமி உயிர் பிடிக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை முதலாளியை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி மண்டிக்குப் போக வேண்டும். அம்மா செத்துப் போயிருந்தாள். ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடமும் நின்றுபோயிருந்தது. "தாயில்லாப் புள்ளைய வூட்ல தனியா வுட்டுட்டு வர மனசு வரலீங்க" என்று நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள். முதலாளி நல்ல மனிதர். "முன்னாடி உக்காத்தி வெச்சுக்கோ முனியப்பா, அது பாட்டுக்கு வரட்டும்" என்றார்.

முதல் நாள் போகும்போதே என் காதில் சொன்னீர்கள். "கௌரி, எதுக்க வர்றத நான் பாத்துக்கறேன். ரெண்டு ஓரத்தையும் நீ பாத்துக்கோ." உங்களுக்கு நடுவில் மட்டும்தான் தெரியும், இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினது போல இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. அந்தி சாய்ந்தால் அதுவும் கிடையாது. இருட்டுவதற்குள் வண்டியை ஷெட்டில் விட்டுவிடுவீர்கள். அதை முதலாளி உங்களுடைய ஒழுக்கம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடது ஓரத்தில் ஆளோ மாடோ வந்தால் உங்கள் இடது முழங்காலில் ஒரு தட்டு. வலது ஓரம் என்றால் இரண்டு தட்டு. நிறுத்த வேண்டும் என்றால் முழங்காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளி, பிள்ளை அப்பன்மேல் உயிராக இருக்கிறது, கையை எடுக்கவே மாட்டேன் என்கிறது என்று சிரிப்பார்.

அந்தத் தை மாசத்தை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். சுற்றிவளைத்தது போதும்.

சூளகிரி தாண்டி ரோட்டில் கொள்ளு பரப்பியிருந்தார்கள். நம் பக்கத்து வழக்கம்தானே அது. பிடுங்கின கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் விரித்துப்போட்டால் போகிற வருகிற வண்டிச் சக்கரமே காயை உடைத்துக் கொடுத்துவிடும். வண்டிக்காரன் விலகிப்போனால்தான் அவர்களுக்குக் கோபம் வரும். "மேல வுடுங்க, மேல வுடுங்க" என்று கையைக் காட்டிக் கூப்பிடுவார்கள். எல்லா டிரைவரும் நட்ட நடுவில் ஏற்றிப்போவார்கள். அதனால் ஓரத்தில் குவித்த செடிமேல் பிள்ளையைப் படுக்கவைப்பதும் அங்கே சகஜம்தான்.

அன்றைக்கு எதிரே ஒரு கட்டை வண்டி வந்தது. அதற்கு வழிவிட நீங்கள் இடது பக்கம் ஒதுங்கினீர்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி பின்னாலிருந்து, "இந்தா பாப்பா" என்று ஒரு கடலை உருண்டையை நீட்டினார். நான் திரும்பி வாங்கினேன். அவ்வளவுதான் நைனா. ஒரு உருண்டை வாங்குகிற நேரம். திரும்பிப் பார்த்தபோது செடிக்குவியலிலிருந்து ஒரு சின்னக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. கணுக்காலில் கறுப்புக் கயிறு. வெயில் படக்கூடாது என்று முகத்தின்மேல் இரண்டு செடியை இழுத்துவிட்டிருந்தார்கள்.

நான் உங்கள் முழங்காலைப் பிடிக்கவில்லை. நகத்தால் பிறாண்டினேன். நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். காய்ந்த செடிமேல் சக்கரம் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. அந்த வழுக்கல் எவ்வளவு தூரம் இருந்திருக்கும்? பத்தடி இருக்குமா? எனக்கு இன்னும் அது நின்றபாடில்லை.

வண்டி நின்ற பிறகு ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் குழந்தை வீறிட்டது. மூன்று வயசுப் பெண்பிள்ளை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பிள்ளையால் எழுந்திருக்க முடியவில்லை. அதன் பாவாடை நம் டயருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. எழ எழ இழுத்து உட்காரவைத்தது. நீங்கள் பின்னால் எடுக்கிறேன் என்று கியரில் கை வைத்தீர்கள். அந்தக் கை ஆடின ஆட்டத்தைப் பார்த்து அந்தப் பிள்ளையின் அம்மா பயந்துபோய், "ஒத்து சாமி, ஒத்து, வண்டிய எடுக்காதீங்க" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்திக்கொண்டு ஓடிவந்து பாவாடையைப் பல்லால் கடித்துக் கிழித்துப் பிள்ளையைத் தூக்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதைவிட மோசம். முதலாளி இறங்கி அவளைப் பிடிபிடியென்று பிடித்தார். "ரோட்டுல புள்ளைய படுக்க வெக்கிறியே, உனுக்கு அறிவிருக்குதா? எங்க முனியப்பனா இருக்கங்காட்டி தப்பிச்சுது. வேற எவனாச்சும்னா இந்நேரம் என்னாயிருக்கும்?" அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். "தப்பு மாதி சாமி, தப்பு எங்களோடதுதான், மன்னிச்சுக்கோங்க" என்றாள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். நானும் நின்றேன். கையில் அந்த உருண்டை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்ததும் ஓடிப்போய் டயரைப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த பாவாடைத் துண்டு வழியிலேயே எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

மண்டி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நீங்கள் என்னைக் கேட்டீர்கள். ஞாபகம் இருக்கிறதா? "கௌரி, நீ சொல்லு. ஓட்டட்டுமா, எறங்கிறட்டுமா?" பத்து வயசுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா நைனா அது? வேலை போனால் முதலாளி கொடுத்த வீடும் போகும் என்று எனக்குத் தெரியும். அதுமட்டும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கார் பிடித்திருந்தது. ஊரில் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத முன் சீட் எனக்குக் கிடைத்திருந்தது. "ஓட்டுங்க நைனா" என்றேன். நீங்கள் சரி என்றீர்கள். நாம் இன்னும் ஏழு வருஷம் ஓட்டினோம். அந்த ஏழு வருஷமும் ரோட்டோரத்தில் கிடந்த ஒவ்வொரு குவியலிலும் எனக்குக் கால் நீட்டிக்கொண்டுதான் இருந்தது. என் கல்யாணம் முடிந்த அதே வாரம் இடுப்பு வலி என்று சொல்லி வேலையை விட்டீர்கள். உங்கள் இடுப்புக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து சீட் காலியாகிவிட்டது, அதுதான் விஷயம்.

மாதேஷ் சின்னவனாக இருந்தபோது இந்தக் கதையை அவனுக்கு நான்தான் சொன்னேன். ஒரு தட்டு, இரண்டு தட்டு, அதை மட்டும் சொன்னேன். அந்தப் பிள்ளையைச் சொல்லவில்லை. சிரித்துச் சிரித்துக் கேட்பான். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வான். நானும் பெருமையாகச் சொன்னேன். யாருக்காவது புத்தி இருக்கிறதா பாருங்கள்.

போன மாசம் ஒரு நாள் வாசலில் இருந்த குடத்தில் இடறி விழுந்தான். குடம் பளபளவென்று பக்கத்திலேயே இருந்தது. கண்ணில் என்னடா என்று கேட்டேன். மழுப்பினான். அதட்டிக் கேட்ட பிறகு உட்கார்ந்து சொன்னான். "பெங்களூர்ல காட்டிட்டேம்மா. ஓரம் தெரியாது, நடு தெரியும். அம்மா வழியா வர்றதாம். கண்ணாடி போட்டாலும் ஒண்ணும் ஆவாதுன்னுட்டாரு டாக்டர்." ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம் என்று அவன் எழுதிக்கொடுத்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்களிடமிருந்து நான் வாங்கி அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாமல் நடுவில் நின்று கைமாற்றிவிட்டிருக்கிறேன்.

மருமகள் பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருக்கிறாள். அவனுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு என்ன தெரியும்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கேட்டான். "லேடீஸ் பஸ்தானேம்மா. கூட ஒரு பெரியம்மா வந்தா புள்ளைங்களுக்குத் தைரியமா இருக்கும்னு கம்பெனில சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க. நீ சும்மா முன்னாடி உக்காந்தா போதும். தாத்தாவுக்குச் செஞ்சியே, எனக்குச் செய்யமாட்டியா?"

உங்களைப் போலவே தலையைச் சொறிந்தான் நைனா. என்னால் என்ன சொல்ல முடியும்? திங்கட்கிழமை போனேன். என்ஜின் மூடிமேல் துணியை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். என்னைக் கேட்காமலே என் கை அவன் முழங்காலுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் என்னைச் சொந்தப் பாட்டி மாதிரி அவ்வா, அவ்வா என்று சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி தலையில் வைக்கப் பூ கொடுத்தாள். ஐந்து நாள் ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் வயசாகிவிட்டது நைனா. எனக்கே எதிர்வெயிலில் கண் கூசுகிறது. மைல்கல்லை மனிதன் என்று நினைத்துத் தட்டுகிறேன், மனிதனைக் கடந்த பிறகு தட்டுகிறேன்.

நேற்று பாகலூர் ரோட்டில் கொள்ளு பரப்பியிருந்தார்கள்.

குவியலில் கால் தெரிந்தது. கறுப்புக் கயிறு தெரிந்தது. அவன் முழங்காலை இறுக்கிப் பிடித்தேன். அவன் அலறியடித்துப் பிரேக் போட்டான். நாற்பது பிள்ளைகளும் முன்னால் வந்து மோதினார்கள். ஒருத்திக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இறங்கி ஓடிப் பார்த்தேன். செடியைக் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் கொள்ளுச் செடி. உதடு கிழிந்த பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பரவால்ல அவ்வா, நாந்தான் கம்பியப் புடிக்காம நின்னுட்டேன். தப்பு என்மேலதான்" என்றது.

அந்தக் குரலை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன் இல்லையா? சூளகிரி ரோட்டில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மாதிரியே நேற்றும் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். நானும் வாயைத் திறக்கவில்லை.

அதனால்தான் சாவியை எடுத்து முடிந்துகொண்டேன். அவன் எழுந்ததும் முதலில் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். உருண்டை, கறுப்புக் கயிறு, கிழிந்த பாவாடை, கும்பிட்ட அம்மா, எதையும் விடமாட்டேன். கோழிக்குஞ்சுமேல்கூட ஏற்றாத உங்கள் பெயர் கெடும். என்னை மன்னிக்க வேண்டாம், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவனைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போவேன். வர மறுத்தால் தனியாகப் போவேன். என்மேல் அவனுக்கு வெறுப்பு வரும். பிறக்கப்போகிற பிள்ளையை என் கண்ணில் காட்டாமல் இருந்துவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது. அது ஆண்பிள்ளையா, பெண்பிள்ளையா, அதற்குக் கண் எப்படி இருக்கும் என்றும் பயமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே கட்டில் சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டான். "அம்மா, சாவி எங்க?" என்கிறான்.

உங்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன் நைனா, இந்தக் கை இனிமேல் யார் முழங்காலுக்கும் போகாது. அன்றைக்கு மண்டி வாசலில் நீங்கள் கேட்டபோது உங்களுக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்கு உங்கள் பேரனுக்குச் சொல்லிவிடுகிறேன். எறங்கிடு சாமி, ஓட்டுனது போதும்.

உங்கள் இடது பக்கத்தில் உட்கார்ந்து வந்த மகள்,
கௌரம்மா