படிவத்தில் நான்காம் கேள்வி

ஏப்ரல் 22, செவ்வாய்
காலையிலேயே அனல். இன்வெர்ட்டர் மக்கர். வெள்ளி சுற்றுலாத் திட்டக் கூட்டம், திங்கள் பேராசிரியர் பதவி உயர்வு இண்டர்வியூ. மூன்றாவது தடவை. இந்தத் தடவையாவது.

பத்தரைக்குப் போன். கண்டனூர்க்காரர் ஒருத்தர், சென்னையிலிருந்து. "எங்க வீட்டை விடுதிக்குக் கொடுக்கச் சம்மதம்னு எழுதியிருக்கீகளாமே? எங்களை எப்பக் கேட்டீக?" பழைய வீடுகளை விடுதியாக்கும் திட்டத்துக்கு நான் கொடுத்த அறிக்கையின் பட்டியல் அவர் கையில் கிடைத்திருக்கிறது. விசாரிக்கிறேன் என்றேன்.

சர்க்கரை வாங்க வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்
முத்துலட்சுமியோடு கண்டனூர். என் பி.எச்டி. மாணவி, சர்வேக்கு வீடுவீடாக அலைந்தவள். சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட ஆச்சி காபி கொடுத்தார். வீட்டுக்கு ஏழு பங்காளிகளாம். முகப்புச் சாவி வருஷத்துக்கு ஒருத்தர் கையில்.

"இந்த வருஷம் எங்க முறை. எனக்குச் சம்மதமான்னு கேட்டீக, ஆமான்னேன். மத்தவுகளைப் பத்தி நீங்க கேக்கலையே!"

முற்றத்தைச் சுற்றி ஏழு அறை, ஏழு பூட்டு.

கேள்வி 4: உரிமையாளர் பெயர். எழுத ஒரே ஒரு கோடு. சாவி வைத்திருந்தவர் பெயரை எழுதி வந்திருக்கிறாள், வேறென்ன செய்வாள். படிவம் தயாரித்தது நான். நானும் இந்தப் பக்கம் ஒக்கூரில் பிறந்தவள்தான், எங்கள் வீட்டுக் கிணற்றுக்கே நாலு பங்கு. வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் வரை மற்ற வீடுகளுக்குப் போன். பாதிக்கு மேல் இதே கதை. சர்க்கரை மறந்துபோச்சு.

ஏப்ரல் 24, வியாழன்
துறைத்தலைவரிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். "திங்கள் முடியட்டும்மா. யாராச்சும் கேட்டா, ஸ்காலர் களத்துல பண்ணுன தப்புன்னு சொல்லிருங்க. அந்தப் பிள்ளைக்கென்ன, பி.எச்டி. முடிக்க இன்னும் ஒரு வருஷம் கூட ஆகும்."

மறுக்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். எழுதிவைக்கிறேன், பிற்பாடு நல்லவள் வேஷம் போடக் கூடாது.

வராந்தாவில் முத்துலட்சுமி: "மேடம், நான் சரியாக் கேக்கலையோ?" நேரமாச்சு என்று சொல்லி நடந்தேன். நெஞ்செரிச்சல். மாத்திரை 2.

ஏப்ரல் 25, வெள்ளி
கூட்டம். கலெக்டர் ஆபீஸ், ஏசி ஓவர் குளிர். மானியத்துக்கு ஒப்பந்தக் கடிதம் தயாராம், பட்டியலில் உள்ளவர்களுக்கு மாத்திரம். ஒருத்தர் கையெழுத்தில் ஏழு பேர் வீடு. கோர்ட், வக்கீல், பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

எழுந்தேன். பட்டியல் தப்பு, நிறுத்தி வையுங்கள் என்றேன்.

"களத்துக்குப் போனது யாரு?" என்றார் அதிகாரி.

பின்வரிசையில் முத்துலட்சுமி. துறைத்தலைவர் என்னையே பார்த்தார்.

"படிவமே தப்பு சார். தயாரிச்சது நான்."

திரும்பும்போது துறைத்தலைவர் தன் காரில் என்னை ஏற்றவில்லை. காரைக்குடி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்
மூட்டம், மழை இல்லை. சர்க்கரை வாங்கியாச்சு. இண்டர்வியூ 11 மணி, அறைக்கு வெளியே காத்திருக்கிறேன், குழுவில் துறைத்தலைவரும் உண்டு. பைலில் முதலாவதாக இருந்த கட்டுரை அந்த சர்வேயை வைத்து எழுதியது. உருவி எடுத்துவிட்டேன். பைல் ரொம்ப மெலிசாகிவிட்டது. ரிடையர் ஆக ரெண்டு வருஷம், இனி ஒரு தடவை கிடையாது. பயமாக இருக்கிறது. அந்தக் கட்டுரை எங்கே என்பார்கள், அதுதான் முதல் கேள்வியாக

கூப்பிட்டுவிட்டார்கள்.