அண்ணனே போட்ட கையெழுத்து

சனிக்கிழமை, இரவு

டெய்சி ஆன்ட்டி, இறந்துபோன தன் மகன் நினைவாக ஒரு நிதி நடத்துகிறார். அண்ணனைப் போல மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் வெளியே நாலு பேரோடு பழக அது உதவுகிறது. அண்ணனுக்கு ஓவிய வகுப்பு வேண்டும் என்று விண்ணப்பத்தில் நான்தான் எழுதியிருந்தேன். இன்று ஆன்ட்டி வீட்டுக்கு வந்து அவனிடமே கேட்டார்.

“ஜோயல், உனக்கு என்னப்பா ஆசை?”

“பஸ்ல தனியா போணும். நானே டிக்கெட் வாங்கணும்.”

“ஐயோ, வேணவே வேணாம்!” அம்மா பதறினாள்.

“முதல்ல கூட ஒருத்தர் போய்ப் பழக்குவாங்க. அவன் ஆசையை எழுதிக் கொடுங்க” என்றார் ஆன்ட்டி.

அவர் போனதும் அம்மா, “ஓவியம்னே இருக்கட்டும்” என்றாள்.

அன்று அந்த விண்ணப்பத்தை நான் எழுதும்போது அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

இப்போது அவன் சொன்ன ஆசையையே போட்டுப் புதிதாக எழுதிவிட்டேன். அவனே கையெழுத்துப் போட்டான். நாளைக் காலையில் இதை அம்மாவிடம் யார் காட்டுவது என்று அவனிடம் கேட்டேன்.

“நான்தான்” என்றான். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.