மழைமானிக்கு நடந்த ஆயுத பூஜை

கணக்கையே கட்டிக்கொண்டு குடும்பம் நடத்திய என் அருமை அண்ணனுக்கு,

அங்கேயும் யாருக்காவது கணக்குச் சொல்லிக்கொடுத்து உயிரை வாங்குகிறாயா?

உன் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. பந்தி முடிந்ததும் சித்தப்பா பேச்சை ஆரம்பித்தார். பந்தல்குடி ரோட்டில் நீ எனக்கு எழுதிவைத்த நிலத்தில், வாசலில் எஸ்.டி.டி. பூத்தோடு உன் பெயரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டவேண்டுமாம். கல்யாணமே பண்ணாத உனக்குக் கல்யாண மண்டபம்!

அந்த நிலத்தில்தானே மழையை அளக்கிற உன் மழைமானி நிற்கிறது. மெட்ராஸில் கணக்கு புரொபசராக இருந்துவிட்டு ஊருக்கு வந்த நீ, பருப்பு மில்லில் உன் பங்கை விற்று, மானாவாரிக்கு எப்போது விதைத்தால் பயிர் பிழைக்கும் என்று ஆராய்ச்சி செய்கிற மீனாட்சிக்கு அந்தப் பணத்தைக் கொடுத்தாய். கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்திருந்தால் ஊருக்குப் புரிந்திருக்கும். "மழையே பெய்யாத ஊர்ல மழைய அளக்க ஒரு ஆளா?" என்று பாளையம்பட்டி டீக்கடை வரை சிரித்தார்கள்.

முதல் வருஷ ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் காலை மீனாட்சி ஓடிவந்தாள். "சார், மழைமானி நெறஞ்சு கெடக்கு. சுத்தித் தரை காஞ்சு கெடக்கு!" ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் பெய்கிற மேகம் உண்டா என்று நீ மத்தியானம் வரை தாள் தாளாகக் கணக்குப் போட்டாய். சாப்பிடக்கூட வரவில்லை. கடைசியில் உன் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், கடையிலிருந்து வந்து பெருமையாகச் சொன்னார்.

"நாந்தான் மச்சான் ஒரு கொடம் தண்ணிய ஊத்திக் கழுவுனேன். கடையில தராசு, படி, எடக்கல்லு எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வச்சோம்ல? இதுவும் அளக்குற சாமான்தான? விட்டுட்டா சாமி குத்தமாயிரும்."

மூக்குக்கண்ணாடி கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இல்லாமல் வீடு என்னவோ போல் இருக்கிறது அண்ணே.

சித்தப்பா விடுவதாக இல்லை. "மண்டபம்னா நாலு பேரு அவுக பேரச் சொல்லுவாக. இந்தக் கொழாய வச்சு என்ன செய்யப் போற?" மீனாட்சி என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக அளந்தால்தான் அவள் ஆராய்ச்சிக்கு மதிப்பாம். இடத்தை மாற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "மழை பெஞ்சா அளப்போம் சித்தப்பா" என்றேன்.

"பெய்யலன்னா?"

"பெய்யலன்னு எழுதுவோம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், இன்னும் என்னோடு பேசவில்லை.

மீனாட்சி வெளியூர் போகிற நாட்களில் நான்தான் மழைமானியைப் பார்த்து எழுதப்போகிறேன். சிரிக்காதே. மேகம் திரண்டு வந்து, ஆசை காட்டிவிட்டு, திருச்சுழிப் பக்கம் போய்விடுகிற நாளில் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன் அண்ணே. ஊர் எவ்வளவு காய்ந்து கிடந்தாலும், ஆசைக்காக ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டி எழுத மாட்டேன்.

மனக்கணக்கு வராத உன் தங்கச்சி,
ராஜாத்தி