குழாய் மேல் வைத்த புள்ளி

மார்ச் 4

இன்று காலை வரைபடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டோம். கால்வாயின் மேல் நடைபாலம் கட்டக் காசு வந்திருக்கிறது, ஒன்றே ஒன்றுக்கு. எங்கே வேண்டும் என்று மார்ச் 15 வரை ஊரே செல்போனில் வரைபடத்தைத் திறந்து புள்ளி வைக்கலாம். எங்கே புள்ளி அதிகமோ அங்கே பாலம். எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் செய்த வரைபடம். மாநகராட்சியில் எங்கள் பிரிவுத் தலைவர் (எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பதால் அவருக்கு அதுவே பெயர்) இன்று கைகூடக் குலுக்கினார்.

அக்காவைக் கூப்பிட்டு, சந்தில் எல்லாரையும் புள்ளி வைக்கச் சொல் என்றேன். அவள் இருப்பது அக்கரையில். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. தினம் இரண்டு வேளை, கால்வாயைத் தாண்டும் தண்ணீர்க் குழாயின் மேல் நடந்துதான் போய்வருகிறாள். சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். போன மழையில் அத்தான் அந்தக் குழாயிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இன்னும் வேலைக்குப் போக முடியவில்லை.

மார்ச் 9

புள்ளிகள் குவிகின்றன. ஒருவர் தன் மாமியார் வீட்டுக்கு நேராகப் பாலம் கேட்டுவிட்டு, மறுநாளே "வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். வணிக வளாகத்தின் எதிரே மட்டும் நூற்று எழுபது. இருநூறு அடி தள்ளி ஏற்கெனவே ஒரு பாலம் இருக்கிறது அவர்களுக்கு.

அக்காவின் கரையில்? ஒன்று.

எரிச்சலாக வந்தது. கூப்பிட்டேன். "போட்டோம்டி, எல்லாரும்தான் போட்டோம்" என்றாள். நான் நம்பவில்லை. மணிக்கணக்கில் போனில் நாடகம் பார்க்கத் தெரிகிறது, ஒரு புள்ளி வைக்க வராதா? அதை வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன்.

மார்ச் 12

இன்னும் ஒன்றுதான். யாருக்காக நான் இப்படி மெனக்கெடுகிறேன்?

மார்ச் 15

லீவு போட்டுவிட்டு நேரில் போனேன். ஆட்டோவில், சுற்றி. என் முன்னாலேயே வை என்றேன். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அவள் சந்து வரைபடத்தில் இல்லை. அந்தப் பக்கமே வெறும் சாம்பல் நிறம். ஆனாலும் கால்வாயின் வளைவைப் பார்த்து, குழாய் இருக்கும் இடத்தில் சரியாக விரலை வைத்தாள். புள்ளி ஒரு கணம் நின்றது. பிறகு என் கண்ணெதிரே தாவி, அரைக் கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டு முனையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா? எங்க வெச்சாலும் அங்கதான் ஓடுது. எங்களுக்குத்தான் வெக்கத் தெரியலன்னு நெனச்சோம். பக்கத்து வீட்டம்மா நாலு தடவ வெச்சுப் பாத்தாங்க."

அந்த விதியை எழுதியதே நான்தான். சாலையில் விழாத புள்ளியைப் பக்கத்துச் சாலைக்கு நகர்த்து. அடுத்த விதியும் நான் எழுதியதுதான். சோதனையின்போது ஒரு கடைக்காரர் தன் கடை வாசலிலேயே இருநூறு புள்ளி வைத்து விளையாடினார். அதனால், ஒரே இடத்தில் குவிந்தால் ஒன்றாக எண்ணு. வணிக வளாகத்துப் புள்ளிகள் சாலை நெடுகச் சிதறி விழுந்ததால் தப்பின. கெட்டிக்காரி என்று பாராட்டு வேறு வாங்கினேன். சாலையே இல்லாத இடத்தில் ஆட்கள் இருப்பார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? என் சொந்த அக்கா இருக்கிறாளே.

அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

மார்ச் 16

மூலப் பதிவுகளைத் திறந்தேன். மெயின் ரோட்டு முனையில், ஒன்றன்மேல் ஒன்றாக, இருநூற்றுப் பன்னிரண்டு.

பார்ப்போமிடம் ஓடினேன். "நீ எழுதினதுதானேம்மா? அறிக்கை மேல போயாச்சு. இப்ப இதக் கிளப்பினா மொத்த மேப்பையும் சந்தேகப்படுவாங்க. பார்ப்போம்." என்னத்தப் பாக்குறது? இன்னும் யாராவது விழுந்து இடுப்ப ஒடைச்சுக்குறாங்களான்னா?

மாலையில் அக்காவிடம் போனில் சொன்னேன். நான்தான், என் விதிதான் என்று.

"அத்தன பேரையும் ஒண்ணுன்னு எண்ணினியா?"

கட் பண்ணிவிட்டாள்.

மார்ச் 20

பாலத்துக்கு இடம் முடிவுசெய்யும் குழுவின் கூட்டம். வணிக வளாகத்தின் எதிரே என்று முடிவாகப் போன நேரத்தில் எழுந்து நின்றேன். தப்பு என்னுடையது என்று சொல்லி, இருநூற்றுப் பன்னிரண்டையும் திரையில் பிரித்துக் காட்டினேன். ஓர் உறுப்பினர், "அப்ப இந்த மேப்புல எதத்தான் நம்புறது?" என்றார். முப்பது நாளுக்குள் அக்கரைக்கு நேரில் போய், புள்ளிகளைக் கையெழுத்தோடு மறுபடி வாங்கிவரச் சொன்னார்கள். யார் போவது? என் தலையில்தான் கட்டினார்கள்.

பார்ப்போம் ஒன்றுமே சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றுகூட.

மார்ச் 27

ஒன்பது தடவை கூப்பிட்டாயிற்று. அக்கா எடுக்கவில்லை. கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கிறது, தெரியும். ஆனாலும் வலிக்கிறது.

ஏப்ரல் 6

வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தரையில் விரித்தேன். சந்தே கூடிவிட்டது. பாலம் வேண்டிய இடத்தில் ஒட்டச் சிவப்பு ஸ்டிக்கர் வைத்திருந்தேன். அக்கா அதைத் தொடவில்லை. என் பேனாவைப் பிடுங்கி, சாம்பல் நிறத்தின் நடுவே சந்தை வரைந்தாள். அதன் ஓரம் ஒரு கட்டம்.

"இது என் வீடு. மொதல்ல நாங்க இருக்கோம்னு போடு. பாலம் அப்புறம்."

பேனா கைமாறிக்கொண்டே போனது. ஐம்பத்து மூன்று வீடுகள். பக்கத்து வீட்டம்மா தன் வீட்டை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக வரைந்ததில் சின்னச் சண்டை. பிறகுதான் ஸ்டிக்கரும் கையெழுத்தும். கடைசியாக அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து ஒட்டினார்.

திரும்பும்போது ஆட்டோ கிடைக்கவில்லை. எட்டு மாதம் இந்தக் கால்வாயை வரைந்திருக்கிறேன். குழாயில் கால் வைத்தது இன்றுதான். வழுக்கியது. கொண்டுவிட வந்த அக்கா முன்னால் நடந்தபடி கையைப் பின்னால் நீட்டினாள். "கீழ பாக்காத" என்றாள்.

மே 12

பாலம் அக்கரைக்குத்தான் என்று முடிவாகி, குழாய்க்குப் பக்கத்தில் மண் சோதனைக்குத் துளை போட ஆட்கள் வந்திருக்கிறார்களாம். அக்காவே கூப்பிட்டாள்.

"இது நீ வெச்ச புள்ளியா, நாங்க வெச்சதா?"

நீங்கள் வைத்ததுதான் என்றேன்.

"அப்ப சரி" என்றாள்.